வெயிலில் வைத்த லென்ஸ்

அந்தப் பையை மேல வெக்க வேண்டாங்க, மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்குதுங்களா? நான் கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்துக்கறேன். உள்ளார லேப்டாப்பு, கேமரா, ரெண்டு லென்ஸு. மேல வெச்சா வண்டி பிரேக் போடறப்ப உருண்டு வந்துரும்.

காலைலதான் திருச்சில இருந்து கரூர் போனேன். இப்ப திரும்பிப் போறேன். எங்க ஊட்டுக்காரி அங்க ஆஸ்பத்திரில படுத்திருக்கறா. நாலு மணிக்குள்ள போட்டோவைக் கொண்டாந்து காட்டுங்கன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. எக்ஸ்ரே இல்லீங்க, ஸ்கேனும் இல்ல. நான் எடுத்த போட்டோ. என் கேமராவுல எடுத்தது.

டாக்டருக்கு எதுக்கு போட்டோன்னுதானே பாக்கறீங்க. சொல்றேன். எம் மவ இருக்கறாளே, தாரணி, பெருந்துறைல கட்டிக் குடுத்திருக்கறோம், அவ நாலு பேருக்கு முன்னாடி, டாக்டர், நர்ஸு, பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாரும் இருக்கறப்ப, எங்கப்பா லென்ஸுதான் எங்கம்மாவைப் படுக்க வெச்சுதுன்னு சொல்றா. பெத்த புள்ள. நான் என்ன விஷத்தையா ஊட்டுல கொண்டாந்து வெச்சேன்?

என் பேரு நாச்சிமுத்துங்க. கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஷேடு பாக்கறவன். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத்துணி அனுப்புவான், இந்தக் கலர்ல ஜமக்காளம் வேணும், திரைச்சீலை வேணும்னு. நம்ம சாயப்பட்டறைல இருந்து வந்த துணியை அதோட வெச்சுப் பாத்து, ஒரே கலரா, அரை ஷேடு கூடவா கம்மியான்னு சொல்றதுதான் என் வேலை. இருபத்தாறு வருஷம் ஆச்சு. மெஷின் வந்துருச்சு இப்ப. வந்து என்ன, மெஷின் சரின்னு சொன்னாலும் முதலாளி, நாச்சிமுத்துகிட்டக் காட்டியாச்சான்னுதான் கேப்பாரு. வெள்ளைல மட்டும் பதினோரு வெள்ளை எனக்குத் தெரியும். பீத்திக்கறேன்னு நினைக்காதீங்க. விஷயத்துக்கு வேணும், அதான் சொல்றேன்.

இந்த லென்ஸுப் பைத்தியம் புடிச்சு நாலு வருஷம் இருக்கும். புதுக் கேமராவுக்குப் புது லென்ஸ் போட்டா, அதுவே கர்ருனு திரும்பி ஃபோகஸ் பண்ணிக்கும். நமக்கு அங்க என்ன வேலை? பழைய லென்ஸ் அப்படி இல்ல. கையால திருகணும். மயிரிழை தப்பினாலும் மூக்கு தெரியும், கண்ணு மங்கிரும். ஆனா புடிச்சுட்டீங்கன்னா அந்தப் படம் வேற. பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படியே கரைஞ்சு நிக்கும். என்ன ஒண்ணு, பழைய லென்ஸு புதுக் கேமரா வாயில உக்காராது. நடுவுல ஒரு வளையம் போடணும், அடாப்டருன்னு பேரு. ஒரு பக்கம் பழைய லென்ஸோட மரை, மறுபக்கம் புதுக் கேமராவோட பூட்டு. முதல்ல வாங்கின அடாப்டரு ஒரு நூலு தடிமன் கூடிப்போச்சு, தூரத்துல இருக்கறது ஒண்ணுமே தெளியல. அதை உப்புத்தாள் போட்டு நானே தேச்சேன். குணா அப்பவே கேட்டா, "ஏனுங்க, ஊர்ல எல்லாரும் போன்லயே எடுக்கறாங்க, நீங்க எதுக்குங்க இரும்பைத் தேக்கறீங்க"ன்னு. குணவதிங்க எங்க ஊட்டுக்காரி பேரு. நான் குணான்னுதான் கூப்புடறது.

எங்களுக்குன்னு ஒரு வாட்சாப் குரூப் இருக்குது. சேலம், நாகர்கோவில், கொழும்புல இருந்தெல்லாம் ஆளுங்க இருக்கறாங்க. எல்லாம் பழைய லென்ஸ்காரங்க. ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் பாத்து நல்லாருக்கு நல்லால்லைன்னு சொல்லிக்குவோம். வேற என்ன பண்ணறது, ஊட்டுல யாருகிட்டப் பேச முடியுது இதை?

இந்தச் சித்திரைல ஒரு லென்ஸு வந்துச்சுங்க. அம்பது வருஷத்துக்கு முந்தின ஜப்பான் சரக்கு. கையில வாங்கினா கல்லு மாதிரி கனம், திருகினா வெண்ணெய். ஆனா கண்ணாடியைப் பாத்தா மஞ்சள். டீத்தண்ணி கலர். குரூப்ல போட்டேன். நாகர்கோவில்ல அருள்தாஸுன்னு ஒரு வாத்தியார், அவருதான் சொன்னாரு, "பயப்படாதீங்க அண்ணாச்சி, அந்தக் காலத்துல கண்ணாடில தோரியம்னு ஒண்ணு கலப்பாங்க, வயசானா பழுப்பேறும், ஒரு மாசம் வெயில்ல வையுங்க, தானா தெளிஞ்சிரும்"னு.

அந்தத் தோரியத்துல கொஞ்சூண்டு கதிர்வீச்சு வருங்க. இல்லைன்னு நான் சொல்லல. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டாக்டரே சொல்லிட்டாரு. அதை ஞாபகம் வெச்சுக்கங்க, டாக்டரே சொல்லிட்டாரு.

கரூரு வெயிலுக்கு என்ன பஞ்சம். மொட்டை மாடில பரோட்டாப் பொட்டலத்துல வர்ற அந்த வெள்ளித் தாளை விரிச்சு, அதுமேல லென்ஸை நிறுத்தி வெப்பேன். வெயிலு திரும்பத் திரும்ப அதையும் திருப்பணும். நான் எட்டரைக்கு டூட்டிக்குப் போயிருவேன். குணாதான் மணிக்கொருக்கா மாடி ஏறித் திருப்பி வெப்பா. மேகம் போட்டா எடுத்து உள்ள வெப்பா, மேகம் போனா மறுபடி கொண்டு வெப்பா. முணுமுணுக்கல, ஒண்ணும் பண்ணல. ஒரு நாளு மட்டும் சொன்னா, "படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க"ன்னு. கால்சியம் பத்தலைன்னேன். மாத்திரை வாங்கியாந்து குடுத்தேன். வாங்கிக் குடுத்தேனா இல்லையா? குடுத்தேன்.

தெளியுதா இல்லையான்னு தெரியணுமில்லீங்க. அதுக்கு டெஸ்ட்டு. தினமும் காலைல ஏழு பத்துக்கு, முன் ரூம்புல சன்னலுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, குணாவை உக்கார வெப்பேன். பின்னாடி சுவரு, பொங்கலுக்கு வெள்ளையடிச்சது. அதே சன்னலு, அதே நேரம், அதே தூரம். கேமராவுல கலர் செட்டிங்கைத் தானா மாத்திக்க விடாமப் பூட்டி வெச்சேன். கம்பெனில எப்படிப் பண்ணுவனோ அப்படி. ஒரு நாளு விடலீங்க. ஃபைல்ல தேதி, மணி, நிமிஷம் எல்லாம் தானா ஏறிக்கும். அதனாலதான் இப்ப டாக்டரு இது வேணுங்கறாரு.

ஃபோகஸுக்கு இடது கண்ணுங்க. எப்பவும் இடது கண்ணுதான். கேமராவுல ஒரு பட்டனை அமுக்குனா அந்த இடத்தை மட்டும் பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டும். கண்ணு இத்தாம்பெருசுக்கு வந்து நிக்கும். இமைமுடி ஒண்ணொண்ணா எண்ணலாம். திருகித் திருகி, முடி எப்பக் கத்தி மாதிரி தெரியுதோ அப்ப நிறுத்தணும். நான் முடியைத்தாங்க பாத்தேன். ஃபோகஸ் முடியிலதான தெரியும்? வெள்ளை முழில என்ன ஃபோகஸ் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

குளித்தலை தாண்டிருச்சா? ஆமா, இது மருதூருங்களா. சரி.

முதல் ரெண்டு வாரம் சுவரும் மஞ்சள், அவளும் மஞ்சள். எதிர்பாத்ததுதான். அப்புறம் சுவரு கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துச்சு. மே பத்தொம்பதாம் தேதி சுவரு சுத்தமா வெள்ளையாயிருச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் இருக்குதே. அருள்தாஸுக்கு போன் போட்டேன். சொல்லிப்போட்டுப் படத்தைப் பெருசாக்கிப் பாத்தா, முகம் மட்டும் வெளுக்கல.

இருபத்தாறு வருஷம் ஷேடு பாத்தவன் நான். துணில இப்படி வந்தா என்ன நினைப்பேன்? ஒரு துணி சரியா இருந்து இன்னொண்ணு இல்லைன்னா, லைட்டுல தப்பில்ல, துணிலதான் எதோ இருக்குதுன்னு நினைப்பேன். அப்படித்தாங்க நினைச்சேன். சரியாத்தான் நினைச்சேன். அவ மூஞ்சில எதோ இருக்குதுன்னு.

மஞ்சள் பூசியிருக்கறான்னு நினைச்சேன்.

அவ கல்யாணமான நாள்ல இருந்து வெள்ளி செவ்வாய்க்கு மஞ்சள் தேச்சுக் குளிப்பா. லென்ஸு வந்தன்னைக்கே நான் சொல்லிட்டேன், டெஸ்ட்டு முடியறவரைக்கும் மஞ்சள் வேண்டாம், கலர் தப்பாக் காட்டும்னு. சரின்னா. இருபதாம் தேதி காலைல கூப்புட்டு வெச்சுக் கேட்டேன்.

"குணா, மஞ்சள் பூசினியா?"

"இல்லைங்களே. நீங்க சொன்னதுல இருந்து பூசறதே இல்லைங்க."

"பொய் சொல்லாத. கேமரா பொய் சொல்லாது."

"சாமி சத்தியமா இல்லைங்க. மஞ்சள் டப்பா வேணா பாருங்க, அப்படியே இருக்குது."

"சமையலுக்குப் போடறதைத் தொட்டுட்டு முகத்துல கைய வெச்சிருப்பே."

அவ எந்திரிச்சுப் போயி, குளியல் ரூம்புல முகத்துக்குச் சோப்புப் போட்டுத் தேச்சா. வந்து உக்காந்தா. எடுத்தேன். மஞ்சள். இன்னொருக்கா தேச்சுட்டு வான்னேன். போனா. பாத்திரம் தேக்கற நாரு இருக்குதில்லீங்க, அதை எடுத்துத் தேச்சுட்டு வந்திருக்கறா. கன்னம் ரெண்டும் செவந்து கெடக்குது. செவப்புக்கு அடியில மஞ்சள். எனக்குக் கோவம் வந்துருச்சு. "உன்னை வெச்சுக்கிட்டு ஒரு டெஸ்ட்டு ஒழுங்காப் பண்ண முடியுதா"ன்னு கத்திப்போட்டேன். அவ மேலுக்கு முந்தானையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தா. கண்ணுல தண்ணி நின்னுது. அதையும் எடுத்தனுங்க. தண்ணி நின்னா கண்ணு நல்லா மினுங்கும், ஃபோகஸ் சுளுவா விழும்.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

அதுக்கப்புறம் நான் அவகிட்டக் கேக்கறதை விட்டுப்போட்டேன். கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிக்கலாமில்லீங்க. முகத்தை மட்டும் கோடு போட்டு வளைச்சு, மஞ்சளை ஒரு பன்னெண்டு புள்ளி இறக்குனா போதும், சரியாயிரும். அடுத்த வாரம் பதினெட்டு இறக்கணுமாட்ட இருந்துச்சு. இறக்குனேன். அதுக்கடுத்த வாரம் இருபத்தஞ்சு. ஏன் கூடிட்டே போகுதுன்னு கேக்கறீங்க. நானும் குரூப்ல கேட்டேன். ஒருத்தர் சொன்னாரு, அடாப்டரு உள்பக்கம் பித்தளை, அதுல பட்டு வெளிச்சம் அடிக்கும்னு. உடனே கறுப்பு மை பூசுனேன் அதுக்கு. மூணு நாளு காயவெச்சேன்.

ஒரு படம் மட்டும் திருத்தாம அப்படியே போட்டுப்போட்டேன் குரூப்ல, கை தவறி. எல்லாரும் கொண்டாடிட்டாங்க. "அண்ணாச்சி, தங்கமா வந்திருக்கு. இந்த நிறம் புது லென்ஸ்ல சத்தியமா வராது"ன்னு. நாப்பது பேரு கை தட்டியிருந்தாங்க. குணாகிட்டக் காட்டுனேன். "உன்னைத் தங்கம்னு சொல்றாங்க பாரு"ன்னேன். சிரிச்சா. முகம் சின்னதாப் போயிருந்துச்சு. போட்டோவுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு, கன்ன எலும்பு எடுப்பாத் தெரிஞ்சுது.

அரிப்பு வேற. உடம்பு பூராவும் அரிக்குதுங்கன்னா. சோப்பை மாத்துன்னேன். மாத்துனா. நான் ஃபோகஸ் புடிக்கற அந்த அரை நிமிஷம் மட்டும் சொரியாம இருப்பா. ஸ்டூலு விளிம்பை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்குவா. நான் கிளிக் பண்ணினதும், "முடிஞ்சுதுங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் சொரிவா. இப்பேர்ப்பட்டவளை நான் நாசம் பண்ணுவனாங்க?

பாப்பா, எம் மவ தாரணியைத்தான் சொல்றேன், அவ வந்தது ஜூன் பன்னெண்டாம் தேதி. லீவுக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வந்தா. நான் சேர்ல உக்காந்து லென்ஸைத் தொடச்சிட்டிருக்கறேன். குணா போயிக் கதவைத் தொறந்தா. பாப்பா செருப்பைக் கூடக் கழட்டல. நிலைப்படில நின்னபடியே, "அம்மா, உங்க கண்ணு ஏன் இப்படி இருக்குது?"ன்னா. அவ்வளவுதான். ஒரு நொடிங்க. கேமரா இல்ல, லென்ஸு இல்ல, ஒண்ணுமில்ல. அப்படியே அம்மாவை வெளிச்சத்துக்கு இழுத்து, கீழ் இமையை விரல்ல இறக்கிப் பாத்தா. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

கரூர்ல ஒரு டாக்டரைப் பாத்தோம், அவரு அன்னைக்கே திருச்சிக்கு அனுப்பிட்டாரு. ஸ்கேன் எடுத்தாங்க. கணையத்துக்குத் தலைப்பக்கம் ஒரு கட்டி. அது பித்தக் குழாயை அமுக்கிட்டிருக்குது, பித்தம் இறங்க வழியில்லாம ரத்தத்துல ஏறுது, அதான் மஞ்சள். வலியே இருக்காதாம். அறுக்கற நிலைமைலதான் இன்னும் இருக்குது, அறுத்துரலாம்னாரு பெரிய டாக்டரு. கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. அப்பத்தான் கேட்டாரு, "எத்தனை நாளா மஞ்சள் இருக்கு?"ன்னு.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள குணா சொல்லிட்டா. "பத்து நாளாங்க."

டாக்டரு ரிப்போர்ட்டைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. "ரத்தத்தைப் பாத்தா பத்து நாள் மாதிரி தெரியலையேம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பத்து நாள்தான்னா நாளைக்கே எடுத்துரலாம். ரொம்ப நாளா இருந்தா நேரா கத்தி வெக்கறது ஆபத்து. ஈரல் தளர்ந்திருக்கும், ரத்தம் உறையாது, ஆபரேஷன் டேபிள்லயே நிக்காமப் போகும். முதல்ல குழாய் வெச்சுப் பித்தத்தை வடிய விட்டு, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அறுக்கணும்"னாரு. குணா மறுபடியும் பத்து நாளுதாங்கன்னா.

அப்பத்தான் பாப்பா ஆரம்பிச்சா. இவரு கதிர் வர்ற லென்ஸை வெச்சுக்கிட்டு தினமும் எங்கம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு டாக்டர், அதனாலதான் வந்துதுன்னு. டாக்டரு சிரிச்சுட்டாரு. அதனாலெல்லாம் இது வராதும்மான்னாரு. சொன்னாரா இல்லையா? எனக்குப் பெரிய பாரம் இறங்குச்சு. பாப்பாவைத் திரும்பிப் பாத்தேன், கேட்டுக்கன்னு. அதுக்குள்ள டாக்டரு சிரிப்பை நிறுத்திட்டு என்னைக் கேக்கறாரு.

"தினமும் எடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"ஒரே இடத்துல? ஒரே வெளிச்சத்துல?"

"ஆமாங்க. ஏழு பத்துக்கு."

"அப்ப தேதியோட இருக்கும். கொண்டு வாங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள நான் முடிவு பண்ணணும்"னாரு.

நேத்து நடந்தது இது. ராத்திரியே வண்டி ஏறியிருக்கலாம். ஏறல. காலைல கிளம்பறப்ப பாப்பா காப்பி வாங்கப் போயிருந்தா. குணா என்னைப் பக்கத்துல கூப்புட்டா.

"ஏனுங்க, போட்டோவைப் பாத்தா தெரிஞ்சுருங்களா?"

"தெரியும்."

"திருத்துனது இருக்குதில்லீங்க. அதை எடுத்துட்டு வாங்க."

"ஏன்டி?"

"எனக்குத் தெரியுங்க. ஒண்ணுக்குப் போறதே மஞ்சளாத்தான் போச்சு, எப்பவோ இருந்து. நீங்க வைவீங்கன்னு சொல்லல. இப்ப தெரிஞ்சுதுன்னா பாப்பா உங்களை ஊட்டுல சேத்துக்க மாட்டா. நான் இல்லாமப் போனா நீங்க அவகிட்டத்தானே இருக்கோணும்? பத்து நாளுன்னே இருக்கட்டும்."

இப்படிச் சொல்றா அவ. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து லேப்டாப்பைத் தொறந்தேன். ரெண்டு ஃபோல்டரு இருக்குதுங்க. ஒண்ணு, கேமரா எடுத்தது எடுத்தபடி. இன்னொண்ணு நான் திருத்துனது. எடுத்தபடி இருக்கறதை வரிசையாப் போட்டேன், கம்பெனில ஷேடு கார்டு போடற மாதிரி. சுவத்தை மட்டும் ஒரு வரிசை, கண்ணு வெள்ளையை மட்டும் ஒரு வரிசை. மே மூணு வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. நாலாம் தேதி பிரியுது. சுவரு வெளுக்குது, கண்ணு வெளுக்கல. கால் ஷேடு. யாருக்கும் தெரியாதுங்க அந்தக் கால் ஷேடு. மெஷினுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பாக்காம விட்டிருந்தாலும் பரவால்ல. பாத்தேன். பாத்துப் பாத்துத் தெனமும் என் கையால அழிச்சிருக்கறேன். பன்னெண்டு புள்ளி, பதினெட்டு, இருபத்தஞ்சு. எத்தனை ஏறுச்சோ அத்தனையும் கணக்கா அழிச்சிருக்கறேன்.

நாப்பத்திமூணு நாளுங்க இன்னையோட.

போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. ஆமா, நாப்பத்திமூணுன்னு ஒரே ஒரு நம்பருதான். போட்டோ கூட வேண்டியதில்ல. பத்தரைக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு. போனைக் கையில எடுத்தேன், கீழ வெச்சேன். எடுத்தேன், வெச்சேன். பன்னெண்டரை ஆயிருச்சு. அப்புறம் நேர்லயே போயிச் சொல்லிக்கலாம்னு வண்டி ஏறுனேன். பாப்பா ரெண்டு தடவை கூப்புட்டா, பெட்டவாய்த்தலைகிட்ட. எடுக்கல. வண்டில சத்தம், கேக்காதுன்னு.

இதோ மறுபடியும் அடிக்குது பாருங்க. எடுக்கறேன். இருங்க.

ஆங், பாப்பா. வந்துட்டே இருக்கறேன் சாமி. யாரு? சரி, அம்மாகிட்டக் குடு.

சொல்லு குணா. ம். ம். டாக்டரு வந்துட்டாரா? மணி இன்னும் மூணே முக்கால்தானே. ம். கையெழுத்தா? நீ போட்டயா? பாப்பாவும் போட்டாளா? நாளைக்கு எத்தனை மணிக்கு? ம். இல்ல குணா, நான் என்ன சொல்றேன்னா... ம். சாப்புட்டேன். சாப்புட்டேன்னு சொல்றேனில்ல. ம். சரி. சரி, வெச்சுரு.

காலைல ஆறு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறாங்களாம். பத்து நாளுன்னே எழுதிக் குடுத்துட்டாளாம். நீங்க வேகாத வெயில்ல ஓடியாராதீங்க, மெல்ல வாங்கங்கறா. நான் சரின்னு சொல்லிப்போட்டேன். கேட்டீங்களா நீங்க? உங்க முன்னாடிதான் சொன்னேன். வாய் வரைக்கும் வந்துச்சு, சரின்னுதான் வெளிய வந்துச்சு.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? அது போயிருச்சுங்க. அப்பவே போயிருச்சு, போன் பேசறதுக்கு முன்னாடி. பாத்தேன், போர்டு தெரிஞ்சுது. எந்திரிக்கணும்னுதான் நினைச்சேன்.

வேண்டாங்க, கண்டக்டரைக் கூப்புடாதீங்க. கொஞ்சம் பொறுங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கித் திரும்பி வந்துக்கறேன். டாக்டரு ஆறு மணி வரைக்கும் இருப்பாரு, நாளைக்குக் காலைல கூட உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிக்கலாம், நேரம் இருக்குது. இல்லீங்களா? நேரம் இருக்குதுதானே?

நீங்க இப்படிப் பாத்தா நான் என்ன பண்ணறது.

சரி, கூப்புடுங்க. விசில் அடிக்கச் சொல்லுங்க. ஆனா நீங்களும் இறங்குங்க. உங்களுக்கு எதாச்சும் சோலி இருக்கும், தெரியும், அரை மணி நேரந்தான். நான் தனியாப் போனா அவ மூஞ்சியைப் பாப்பேன். பாத்துட்டுத் திருத்துன ஃபோல்டரைத்தான் தொறப்பேன். என் கையை எனக்குத் தெரியும். நீங்க யாரோ ஒருத்தரு, உங்களை அவ ஒண்ணும் கேக்க மாட்டா. நீங்க வந்து டாக்டர்கிட்ட நில்லுங்க. நாப்பத்திமூணு நாளுன்னு நீங்க சொல்லுங்க.

இந்தாங்க, பையைப் புடிங்க. வண்டி நிக்குது, வாங்க.